ஆள்பிடித்தவனின் மொழிபெயர்ப்பு

வதனி யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. மேற்கு மெல்பர்னில், எங்கள் வட்டாரத்துச் சமூகக் கூடத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவளும் கணவரும் 2010இல் படகில் வந்தவர்கள். அவர் ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ஈரோட்டுக்காரி, ஐ.டி. வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு விமானத்தில் வந்தவள். என் வாய்க்கு முன்னால் அவள் வாயில்லாப் பூச்சி. அவளுக்குள் எவ்வளவு வன்மம் இருந்தது என்று 2012 அக்டோபரில்தான் எனக்குத் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தே இருந்தது.

எங்கள் ஆசிரியை ஹெதர் கனடாக்காரி. இருநூறாவது வருஷம் என்று சொல்லி, 1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போரைப் பாடமாக வைத்துவிட்டாள். ஆஸ்திரேலியாவில் பால் வாங்கப் போய்த் திணறுகிறவர்களுக்கு அமெரிக்கச் சண்டை எதற்கு என்று நான் முணுமுணுத்தேன். வதனி மட்டும் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

அமெரிக்கா அப்போது தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகிய நாடு. பிரிட்டனோ கடலையே தன் கொல்லைப்புறமாக வைத்திருந்த சாம்ராஜ்யம். நெப்போலியனோடு மல்லுக்கட்டியதில் அதற்கு மாலுமிகள் போதவில்லை. நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, மேலே ஏறி, ஆள்களை இழுத்துக்கொண்டு போனது. ‘இவன் எங்கள் மண்ணில் பிறந்தவன், எங்கள் சண்டைக்குத்தான் வர வேண்டும்’ என்று நியாயம் வேறு. வியாபாரத்தை முடக்கியதும் காரணம், அமெரிக்காவுக்குக் கனடா மண்மேல் இருந்த கண்ணும் காரணம் என்றாள் ஹெதர். அமெரிக்கர்கள் யார்க் நகரில் தீ வைத்தார்கள். மறு வருஷம் பிரிட்டிஷார் வாஷிங்டனைக் கொளுத்தினார்கள். கடைசியில் சமாதானத்தில் கையெழுத்தான பிறகு, சேதி வந்து சேராததால், நியூ ஆர்லியன்ஸில் ஒரு பெரிய சண்டை போட்டு ஆள்கள் செத்தார்கள்.

“முதல் காரணம் ஆள் பிடிச்சதுதானே?” என்று வதனி என்னிடம் கேட்டாள்.

“ஆமா, அப்படித்தான் சொன்னாங்க.”

“அது காணும்,” என்றாள். போதும் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஹெதரின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக எழுந்து நின்று ஒருவர் தாய்மொழியில் பேச வேண்டும், மற்றவர் அதை அங்கேயே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருந்த சிறிதரனை, அவனும் இலங்கைத் தமிழன் என்பதால், வதனிக்கு ஜோடியாக்கினாள். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தவன். ஆங்கிலமும் அங்கேயே படித்தானாம். சொல்லாமலே கரும்பலகையைத் துடைத்து வைக்கும் அடக்கமான ஆள். நல்ல பிள்ளை என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று பஸ் நிறுத்தத்தில் வதனி சொன்னாள். “இவன்தான் அக்கா என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவன்.”

வன்னியில் போரின் கடைசிக் காலம். வீட்டுக்கு ஒரு பிள்ளை இயக்கத்துக்கு என்று ஆள் பிடித்தார்களாம். தாலி கட்டிய பெண்ணை எடுக்கமாட்டார்கள் என்று நம்பி, வதனியின் அம்மா அவசர அவசரமாக ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து, மேளம்கூட இல்லாமல் கல்யாணத்தை முடித்துவிட்டார். மகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். வந்தவர்கள் வதனியின் கழுத்தைப் பார்த்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்த ஒரே பிள்ளை உமாசுதன். பதினேழு வயது. அவனைப் பிடித்தார்கள். காலைக் கட்டிக்கொண்டு அழுத தாயிடம் சிறிதரன், “அம்மா, பயப்பிடாதேங்கோ, கொண்டுவந்து விடுவம்,” என்றானாம். பையன் திரும்பவில்லை. கிளிநொச்சியில் இருக்கும் அம்மா இன்றுவரை அவனுக்கு ஒரு சடங்கும் செய்யவில்லை. செய்யச் சொன்னவர்களோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இமிகிரேஷனுக்கு ஒரு போன் பண்ணுங்க வதனி. திரும்ப வில்லாவுட்டுலயே கிடக்கட்டும்.”

“இயக்கத்திலை இருந்ததை மறைச்சு, தையல்காரன் எண்டு சொல்லித்தான் விசா எடுத்திருக்கிறான். ஓம், ஒரு போன் காணும்,” என்றாள். “ஆனா பிறகு வாய் திறக்கமாட்டான். தம்பி எங்கை எண்டு எனக்குத் தெரியோணும். அவன்ரை வாயாலை வரோணும்.”

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எத்தனை வீட்டு வாசலில் நின்றவனோ. அது வேறு அவள் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

அவர்கள் முறை வந்தது. வதனி கையில் ஒன்றும் இல்லாமல் எழுந்து நின்றாள்.

“கடலிலை கப்பலை மறிச்சாங்கள். ஏறி, ஆம்பிளைப் பிள்ளையளை இழுத்துக்கொண்டு போனாங்கள்.”

சிறிதரன் அழகாக ஆங்கிலத்தில் சொன்னான். ஹெதர் தலையாட்டினாள்.

“தாய் காலிலை விழுந்து அழுதா.”

அவன் தயங்கினான். கப்பலில் ஏது தாய் என்று நினைத்திருப்பான். ஆனாலும் சொன்னான்.

“தமக்கையின்ரை கழுத்திலை தாலி கிடந்தது. அதாலை நீங்கள் தம்பியைப் பிடிச்சியள். பதினேழு வயது. பேர் உமாசுதன்.”

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது. வகுப்பு காத்திருந்தது.

“சொல்லடா,” என்றாள் வதனி. அவள் வாயில் ‘டா’ வந்து அன்றுதான் கேட்டேன். அந்த ஒன்றே எனக்கு ஜென்மத்துக்கும் போதும் என்று இருந்தது.

ஒன்றையும் விடாமல் அவன் ஆங்கிலத்தில் சொன்னான். ஹெதர் கற்பனையைப் பாராட்டிக் கைதட்டினாள். வகுப்பும் தட்டியது. பிறகு ஹெதர் அவனிடம் கேட்டாள், அப்படிப் பிடிக்கப்பட்டவர்கள் வீடு திரும்பினார்களா என்று.

“சிலர் திரும்பினார்கள்,” என்று அவன் ஆங்கிலத்திலேயே சொன்னான். “அந்தப் பையன் திரும்பவில்லை. என் பக்கத்தில் ஷெல் விழுந்து செத்தான். நான்தான் மண் போட்டு மூடினேன்.”

ஹெதரின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அளவு ஆங்கிலம் வதனிக்கும் புரியும். அவள் அழவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து வெளியே கார் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இமிகிரேஷன் நம்பரைச் சொல்லுங்க, நான் போடுறேன்,” என்று என் போனை எடுத்தேன்.

“வேண்டாம் அக்கா. உள்ளுக்குப் போட்டால் நிம்மதியா நித்திரை கொள்ளுவான்.” தன் போனில் கிளிநொச்சிக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவன் கையில் திணித்தாள். “எனக்குச் சொன்னது காணாது. என்ரை அம்மாவுக்குச் சொல்லு. அவ கத்துறதைக் கேள். சாகுமட்டும் உனக்குக் கேட்கோணும்.”

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதைவிட நல்ல தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது என்று நினைத்தேன்.

அங்கே அப்போது காலை. மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ, அம்மா,” என்றான் சிறிதரன்.

“ஆரது?” ஆண் குரலைக் கேட்டதும் அந்தக் கிழவிக்கு மூச்சு வாங்கியது. “உமாவோ? என்ரை ராசாவோ?”

வதனி இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நானும்தான். போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவன் விலகிக்கொண்டான்.

“இல்லையம்மா. உமாவைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்,” என்றான்.

“அப்ப பிள்ளை எங்கை?”

அவன் சொல்ல வாயெடுத்தான். வதனி பாய்ந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள்.