அந்த ஐந்து அழைப்பும் நான்தான்

இந்நேரத்தில் பதிவு போடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டி உயிரைப் பறித்தால் ஜாமீன் கிடைக்காதபடி சட்டத்தைத் திருத்தச் சொல்லி, அம்மாக்கள் நாம் கையெழுத்து வாங்குகிறோம் இல்லையா? இன்று சாயந்தரம் பாப்பாவின் ஸ்கூல் வேன் டிரைவரிடமே தாளை நீட்டினேன்.

"நாம கேட்டா சட்டம் மாறிடுமாம்மா?"

"விடாம கேட்டுத்தான்ணா எத்தனையோ சட்டம் மாறியிருக்கு" என்று பெரிதாகப் பேசினேன்.

நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் போனைக் காட்டினார். காலையில் அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டிய நேரத்தில் ஐந்து அழைப்புகள். எல்லாம் நான்தான். "வேன் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சாண்ணா?"

"எடுக்கலன்னா பயந்துக்கினு ஸ்கூலுக்கே போன் பண்றே. அப்புறம் நான் மட்டும் உள்ள போவணுமா? கூப்பிட்டவங்களுக்கும் ஒரு வரி எழுதிக்கம்மா."

தன் பிள்ளையைக் கூட்டிப்போகப் பக்கத்தில் நின்ற, மாகறல் ஊர் அக்கா விடவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே ஜெயிலா நைனா?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஐந்து தடவையும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தது என் பாப்பா.

காலையில் மனுவை அனுப்ப வேண்டும். அந்த வரியைச் சேர்க்கலாமா? சேர்த்தால் முதலில் மாட்டுவது நான்தான். சீக்கிரம் பதில் போடுங்கள்.