பெண்டாட்டி வெடி லேபிள்

மைதாப் பசை கொதித்து வரும்போது மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டால் துருவும் புளிப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பும், அது தலைமுடியில் ஏறிக்கொண்டால் சீயக்காய் போட்டு அலசினாலும் போகாது. ஒட்டியதைப் பூச்சி அரிக்கக் கூடாது என்பதற்காகப் போடுவது. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் திருத்தங்கலில் எங்கள் தெரு முழுக்க அந்த வாடைதான். வெடிக் கம்பெனியிலிருந்து காலி டப்பாக்களும் லேபிள்களும் வீட்டுக்கே வந்து இறங்கும். அதை "லோடு" என்போம். லேபிள்களைக் கவிழ்த்து, விசிறி மாதிரி விரித்து, முதுகில் பசையை ஒரே இழுப்பாய் இழுத்து, ஒவ்வொன்றாய் எடுத்து டப்பாவில் ஒட்டி முற்றத்தில் காயப்போடுவோம். கவிழ்ந்தே கிடப்பதாலும் ஒட்டுகிற அவசரத்தாலும் என்ன படம் என்று பெரியவர்கள் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது. நான் அப்போது நாலாம் வகுப்பு, அஞ்சோடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வீட்டில் எனக்குக் கிடைத்தது அந்த லேபிள்கள்தான்.

அந்தச் "சீசனில்" ஒரு புது வெடிக்கு லேபிள் வந்தது. தலைமுடியை விரித்துப் போட்டு, முகம் முழுக்க வாயாக ஒரு பொம்பளை. பக்கத்தில் கையை ஓங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிற ஓர் ஆள். கீழே கொட்டை எழுத்தில் இருந்ததை நான் சத்தமாய்ப் படித்தேன். "பெண்டாட்டி வெடி. அறைஞ்சாலும் அடங்காது!"

பசைத் தட்டுக்கு எதிரே சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தங்கை, ஆமத்தூரில் கட்டிக் கொடுத்தவள். முந்தின வாரம்தான் சித்தப்பா அறைந்த அறையில் வலது காதில் ரத்தம் வந்து, உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் படித்தது சரியாய்க் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். கையில் இருந்ததை மெல்ல டப்பாவில் ஒட்டி, விரலால் நீவிவிட்டு, அம்மாவிடம் சொன்னாள்.

"என்னய மட்டும் திருப்பி அனுப்பிராதக்கா. இங்கனயே லேபிள் ஒட்டிக் கஞ்சி குடிச்சிக்கிடுதேன்."

"சும்மா கெடட்டி. அவுக ஆளுக வரட்டும், ஒங்க அத்தான் கேக்கதுக்குப் பதில் சொல்லிட்டுல்ல கூப்புடணும்" என்றாள் அம்மா. அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். முற்றத்தில் டப்பாக்களை ஒதுக்கிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சித்தி கதவுக்குப் பின்னால் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அய்யா நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"பொம்பளப் பிள்ளயக் காது கிழியுத அளவுக்கா அடிப்பீக? கேக்க நாதியில்லன்னு நெனச்சீகளா?"

சித்தப்பா தலையைக் குனிந்தார். பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு டப்பாவைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. அறைஞ்சாலும் அடங்காதுன்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சுல்ல விக்கான். நான் என்ன புதுசாவா செஞ்சிட்டேன்? அதையும் ஒங்க வீட்டுலயே ஒட்டி வச்சிருக்கீக!"

முதலில் பெரியவர் சிரித்தார். பிறகு சித்தப்பாவின் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் என் அய்யாவும் சிரித்தார். அதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சிரித்த பிறகு கோபமாய்ப் பேச யாருக்கும் வரவில்லை. "சரி சரி, இனிமே பாத்து நடந்துக்கிடுங்க" என்று அய்யா காப்பி போடச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் சித்தி பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் பஸ் ஏறிவிட்டாள். அழவில்லை. அந்த டப்பாவைச் சித்தப்பா விளையாட்டுச் சாமான் மாதிரி கையிலேயே கொண்டு போனார்.

மறுநாள் லோடு கொண்டுவந்த கம்பெனி ஆளிடம் அம்மா வாசலில் வைத்தே சொன்னாள்.

"இந்தப் படத்த எங்க வீட்டுல ஒட்ட மாட்டோம்."

"ஏக்கா, படம் போட்டது மொதலாளி. ஒட்டுதவுகளுக்கு என்ன வந்துச்சு? சும்மா சிரிப்புக்குத்தான அது."

"சிரிச்சாச்சு. எந் தங்கச்சி போயிட்டா. நீ எடுத்துட்டுப் போ."

அவன் எதிர்வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அந்தச் சீசன் முழுக்க எங்களுக்கு வேறு லேபிளும் வரவில்லை. "ஒன் ரோசத்த அடுப்புல வச்சுப் பொங்கு" என்று அய்யா குத்திக் காட்டிக்கொண்டே இருந்தார். ஆமத்தூரில் சித்தியை வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அதற்கு அந்த வீட்டில் "நமுத்த வெடி" என்று பேர் வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவள் சாகிறவரை அந்தப் பேர் போகவில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தீபாவளிக்கு என் மகன் செல்போனில் ஒரு மிக்சி விளம்பரம் காட்டினான். பெரிய கம்பெனிதான். பட்டுச் சேலை கட்டிய பெண்டாட்டி பேசிக்கொண்டே இருக்கிறாள், புருஷன் மிக்சியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துக் கண்ணடித்து, "இதுக்காவது சுவிட்ச் இருக்கு" என்கிறான். கோட்டுப் போட்டுப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, காசைக் கொட்டி யோசித்து எடுத்த படம்!

எங்கள் தெருவில் இப்போது லேபிள் ஒட்டுகிற வீடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் அட்டையிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. இந்த மாதிரிப் படங்களோ யார் வாசலிலும் நிற்காமல் நேரே கைக்குள் வந்து விழுகின்றன. எடுத்துட்டுப் போ என்று சொல்ல எதிரே ஓர் ஆள் கிடையாது.

மகன் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், ஒரு தரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.