வேன் நடுக்கம் நின்ற வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் சேகர் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வி, இனிமே என்னை அந்த வேன்ல ஏத்தாத. இப்டியே ஊட்லயே கெடந்துட்டுப் போறேன்" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குள் எல்லாம் விட்டுப்போயிற்று. அம்மனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நாங்கள் திருமுல்லைவாயிலில் இருக்கிறோம். அவர் பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். போன சித்திரையில் இரும்பு லோடு சரிந்து முதுகில் விழுந்தது. ஆபரேஷன் நடந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே லேசாகத்தான் உணர்ச்சி இருந்தது. விடாமல் பிசியோதெரபி கொடுத்தால் நடக்க வாய்ப்பு உண்டு, விட்டால் கால் அப்படியே போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதில்தான் நான் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். அவரை உட்கார வைக்கக் கூடாது, படுக்க வைத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ் வைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். ஆஸ்பத்திரி நாட்கள் முழுக்க வேன் தெருவில் வெயிலில் நின்றிருந்தது. அதனால் அவர் வீட்டுக்கு வந்த ஆடி மாதம், முதல் வேலையாக எங்கள் நாகாத்தம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டேன். பூசாரி அம்மன் காலடியில் வைத்து, வண்டிக்குக் காவல் என்று ஒரு குதிரை லாடம் கொடுத்தார். "கால் படாத எடமா, கண்ணுக்குத் தெரியாத எடமா பாத்துக் கட்டுமா" என்றார். என் கொழுந்தன் முருகன் வண்டிக்கு அடியில் படுத்து, கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

மறுநாள் தெரபிக்குப் போன முதல் பயணத்திலேயே அவர் அலறினார்.

வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் தரை முழுக்க ஒரு நடுக்கம். ஸ்டியரிங் பிடித்திருக்கும் எனக்கு அது அவ்வளவாகத் தெரியாது. படுத்திருந்த அவர் முதுகுக்குள் அது துளைத்துக்கொண்டு போயிற்று. வீடு வந்து சேர்வதற்குள் மெத்தை வியர்வையில் நனைந்திருக்கும். வெயிலில் நின்ற வண்டிதானே, எதுவோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். சக்கரம் எல்லாம் கழற்றிச் சரிபார்த்தார். அடியில் லாடத்தைப் பார்த்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி சமாச்சாரம் கீதுக்கா, அத்த நான் தொடல" என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. நடுக்கம் போகவில்லை. அம்பத்தூரில் இன்னொருவர் என்ஜினைத் தாங்கும் ரப்பரையெல்லாம் மாற்றினார். "ஓட்டிப் பாத்தேன், ஜம்முனுதானே கீது" என்று சாவியைக் கொடுத்தார். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆள் சைலன்சரையே இறக்கி மாட்டினார். லாடத்தைப் பயபக்தியோடு எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே புதுக் கம்பி போட்டு முன்னைவிட இறுக்கமாகக் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வழியெல்லாம் அழுதார். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகுதான் 'ஏற்றாதே' என்றார். மழைக்காலம் முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். "தெரியுதா?" என்று கேட்பேன். முதலில் தெரியுது என்றார். பிறகு பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். கால் விரல்கள் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தன. நான் கும்பிடாத நேரம் இல்லை. விளக்குப் போட்டேன், விரதம் இருந்தேன், ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாமி கல்லாகத்தான் இருக்கிறாள் என்றே தோன்றியது. இப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் தோன்றியது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தெரபிக்காரப் பெண் போன் செய்தாள். "இன்னும் லேட் பண்ணீங்கன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுக்கா" என்றாள். போனை வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு ஊருக்குள் சும்மா சுற்றினேன். எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. கடைசியில் கோயில் வாசலில் போய் நின்றேன்.

உள்ளே போய்க் கும்பிடவில்லை. சண்டை போட்டேன். "காவலுக்குன்னு குடுத்தியே, இன்னா காவல் காத்த? அவரு கால் போவுது. நீயும் வேணாம், நீ குடுத்ததும் வேணாம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. வண்டியில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, புடவையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். கம்பியை வெட்டினேன். லாடம் கொதித்தது. விரலைச் சுட்டது. முந்தானையில் பிடித்துக்கொண்டுபோய் அவள் படியில் வைத்தேன்.

"இன்னாமா, சாமி பொருள அறுத்துகினு வந்துட்ட?" என்று பூசாரி பதறினார். நான் அழுவதைப் பார்த்து அடங்கிவிட்டார். லாடம் ஆறும்வரை காத்திருந்து, எடுத்து வாசல் சூலத்தில் மாட்டினார். "அவ குட்த்தா, அவளே வாங்கிக்கினா. நீ ஊட்டுக்குப் போ" என்றார்.

திரும்பும்போது சி.டி.எச். ரோட்டில் எதையோ காணோம் என்று தோன்றியது. வேனின் பின்பக்கம் பழைய சாப்பாட்டுத் தூக்கு ஒன்று கிடக்கும். அதன் மூடி எப்போதும் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். அது அடிக்கவில்லை. வேகம் கூட்டினேன். அப்போதும் அடிக்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, பின்னால் போய் மெத்தையில் படுத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குக் கீழே தரை சாதுவாக இருந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே அழுதேன் என்று தெரியாது.

மறுநாள் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சி, முருகனும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்க, வேனில் ஏற்றினேன். "வலிச்சா சொல்லு, அங்கியே நிறுத்திட்றேன்" என்றேன். எஸ்டேட் தாண்டியும் சத்தம் இல்லை. பயந்துபோய் நிறுத்திப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார்.

லாடம் சைலன்சர் குழாய்க்கும் வண்டித் தரைக்கும் நடுவில் இறுகிக்கொண்டு, என்ஜினின் அதிர்வையெல்லாம் அவர் முதுகுக்கு ஏற்றியிருக்கிறது என்று முருகன் பிறகு குனிந்து, அடியில் தேய்ந்திருந்த தடத்தைப் பார்த்துச் சொன்னான். கட்டியவன் அவன்தான், பாவம், முகம் செத்துப்போயிற்று. சரி, இரும்புக் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் பார்த்தோம். பக்தியால் ஒருவரும் கைவைக்கவில்லை. அந்தப் பக்தியையே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கோபத்தைக் கொடுத்து அடியில் படுக்க வைத்தது யார்? அவள்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தெரபி நின்றுபோன மாதங்களில் இழந்ததெல்லாம் திரும்பவில்லை. இடது பாதம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிறார். நான் இப்போது அவளிடம் எதையும் மறைப்பதில்லை. வருத்தம் இருந்தால் வருத்தத்தோடு போகிறேன். நீங்களும் பூவும் பழமும் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மனதில் இருக்கிற கசப்பையும் அவள் முன்னால் கொட்டுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவரே வேன் கதவைப் பிடித்து இறங்கி, கோயில் வாசலில் தன் காலில் நின்றார். சூலத்தில் தொங்கிய லாடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.