அப்பளப் பனியில் அக்காவின் ஸ்கீ

தென்கோளத்தில் குளிர்காலம் முடியும் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜிண்டபைன் என்ற பனிமலை ஊருக்கு மேலே தார்ச்சாலை முடியும் இடத்தில் காரை நிறுத்தி மூன்று பேர் இறங்கினோம். நான், அக்கா, அக்காவின் கணவர். அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தவர், லிட்கமில் இருக்கிறார். நான் திருச்சியிலிருந்து வந்து மெரிலேண்ட்ஸில் குடியேறியவள். இருவரும் ஒரே மருத்துவமனை ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்க்கிறோம். பல வருடங்களுக்கு முன்பு சக ஊழியர்கள் எங்களை ஒரு குளிர்காலத்தில் பனிமலைக்கு இழுத்துப் போனார்கள். அவர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.

எங்களுக்குப் பிடித்தது கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே போய்க் கூட்டத்தோடு சறுக்குவது அல்ல. சொந்தக் காலால் ஏறி, ஆளில்லாத சரிவில் இறங்குவது. அதற்கென்று தனி ஸ்கீ, அதாவது காலில் பூட்டும் சறுக்குப் பலகை, உண்டு. ஏறும்போது குதிகால் பகுதி கழன்று நடக்க விடும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற நீளமான துணிப்பட்டையை ஒட்டுவோம். ஒரு பக்கம் பூனை முதுகு போல மயிர், மறுபக்கம் பசை. மயிர் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது.

முந்தைய வருடம் அக்காவின் வலது முழங்காலில் சவ்வு கிழிந்தது. பனியில் அல்ல, ரயில் நிலையப் படிக்கட்டில். ஆறிவிட்டது, கவனமாகச் சறுக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் சொல்லவில்லை. ஸ்கீயை விற்றுவிட வேண்டும் என்று ஒரே பிடி. கடைசியில் ஓர் உடன்பாடு. அவரே ஒருநாள் வந்து பார்ப்பார். பார்த்துப் பயந்தால், ஸ்கீ திங்கட்கிழமையே விற்பனைக்குப் போகும்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அக்கா, ஆய்வகத்துத் தேநீர் இடைவேளையில். "வேற என்ன செய்யிறது? விழாமல் இறங்கவேணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னாலும், அன்று காலை காரிலிருந்து ஸ்கீயை இறக்கியபோது அக்கா எடையை இடது காலிலேயே வைத்துக்கொண்டார். அதை அவருடைய கணவரும் பார்த்தார். அவர் பஸ் ஓட்டுநர். எதையும் கண்ணாடியில் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்ப்பார்.

பனியின் வகைகளுக்கு நாங்கள் இருவரும் சமையலறையிலிருந்து பெயர் எடுத்து வைத்திருக்கிறோம். இரவில் இறுகிக் காலையில் பளபளக்கும் பனி, பீங்கான். வெயிலில் மேல்பகுதி மட்டும் இளகிச் சிறு மணிகளாக உதிர்வது, ரவை. பிற்பகலில் தண்ணீர் ஊறிக் கனப்பது, களி. எல்லாவற்றிலும் மோசமானது அப்பளம். காற்று அடித்து அடித்து மேலே மெல்லிய ஓடு கட்டியிருக்கும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். ஓடு தாங்கும் தாங்கும் என்று நம்பவைத்து, திரும்பும் நேரத்தில் உடையும்.

அன்று காலை சரிவு முழுக்கப் பீங்கான். என் ஸ்கீ அகலமானது, நடுப்பகுதியில் நூற்றிரண்டு மில்லிமீட்டர், கனமும் அதிகம். ஆழமான மென்பனியில் மிதக்கும். பீங்கானில் அதன் ஓரத்தை நிறுத்துவதற்குள் கணுக்கால் வலி எடுத்துவிடும். அக்கா புதிதாக வாங்கியது எண்பத்து நான்கு. ஒல்லி, லேசு. பீங்கானைக் கத்தி போலக் கடிக்கும், ஆனால் வேகம் கூடினால் கிடுகிடுவென்று நடுங்கும்.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து சரிவின் அடிவாரத்தை அடைந்தோம். அக்காவின் கணவர் வாடகைக்கு எடுத்த பனி மிதியடிகளில், அன்னநடை நடந்து வந்து சேர்ந்தார். நாங்கள் ஏறத் தொடங்கியதும் அக்காவின் இடது ஸ்கின் வால் பக்கமிருந்து உரிந்து பின்னால் இழுபட்டது. திரும்ப ஒட்டினார். மூன்று எட்டு வைப்பதற்குள் மறுபடி உரிந்தது.

"என்ன அக்கா, பசை போயிடுச்சா?"

"புதுசு பிள்ளை. பசை எப்பிடிப் போகும்?"

நான் ஸ்கின்னை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பசை முழுக்க இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. தொட்டு மோந்தேன். வாசனை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ மதியங்கள் அக்கா கொண்டுவரும் சிவப்பரிசிப் புட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

"அக்கா, இது அரிசி மாவு."

அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

அவர்கள் வீட்டில் சிவப்பரிசி மாவு வறுப்பது அவருடைய வேலை. சமையலறையில் வறுத்தால் புகை அலாரம் கத்துகிறது என்று கராஜில் காஸ் அடுப்பு வைத்து வறுப்பார். சூடு ஆறியதும் அங்கேயே மேசையில் பேப்பர் விரித்துச் சல்லடையில் அரிப்பார். போன பயணம் முடிந்து வந்த அக்கா, ஈர ஸ்கின்களை அதே மேசையின் மறு முனையில் பசைப்பக்கம் மேலே இருக்கக் காயப் போட்டிருக்கிறார். பறந்த மாவு முழுக்கப் பசையில் உட்கார்ந்துவிட்டது.

"உங்களுக்கு மா அரிக்க வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"என்ர மேசையில கொண்டுவந்து பூனைத்தோலைக் காயப்போட்டது ஆர்?"

"போட்டதைப் பாத்திட்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே!"

"நான் அது ஏதோ கால்துடைக்கிற துணி எண்டு நினைச்சன். நல்ல காலம், மிளகாய்த்தூள் இடிக்கேல்லை."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. ஏறவே முடியாவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் பார்க்காத மனிதர் பயத்தோடேயே வீடு திரும்புவார்.

ஒரு பாறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். சாப்பாட்டுக் கரண்டியின் விளிம்பால் மாவைச் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைக்கலாமா என்று அக்காவின் கணவர் கேட்டார். துடைத்தால் அங்கேயே புட்டு அவிக்கலாம் என்றார் அக்கா. சுரண்டிய பிறகும் பசை குளிரில் விறைத்து ஒட்ட மறுத்தது. அதற்கு உடல்சூடு வேண்டும். வழக்கமாக நாங்கள் ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு அணைத்து வைப்போம்.

"இஞ்ச தாரும்," என்றார் அக்காவின் கணவர். ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து, இரண்டு ஸ்கின்களையும் தன் பெரிய வயிற்றின் மேல் வைத்து மூடிக்கொண்டார். "சூட்டுக்கு என்னட்ட குறைவில்லை."

அவர் அப்படியே கைகட்டி உட்கார்ந்திருக்க, நாங்கள் ஃபிளாஸ்க்கில் இருந்த இஞ்சித் தேநீரைக் குடித்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் போனது. அதற்குள் வெயில் சரிவின் மேல் முழுதாக விழுந்துவிட்டது. ஸ்கின்களை ஒட்டி, இரண்டு இடத்தில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினோம். இந்த முறை அசையவில்லை. அவர் பாறையிலேயே இருந்தார், நாங்கள் ஏறினோம்.

உச்சியில் ஸ்கின்களை உரித்துச் சுருட்டி, குதிகாலைப் பூட்டியபோது, நான் ஊன்றுகோலால் பனியைக் கிளறிப் பார்த்தேன். நல்ல ரவை. காலையிலேயே ஏறியிருந்தால் பீங்கானில்தான் இறங்கியிருப்போம்.

"அக்கா, ரெடியா?"

"முதல்ல நான் போறன். நீர் முன்னால போனால் அவர் உம்மைத்தான் பாப்பார்."

ரவையில் எந்த ஸ்கீயும் நல்ல ஸ்கீதான். அக்கா இடமும் வலமுமாகச் சீரான வளைவுகள் போட்டு இறங்கினார். அந்த ஒல்லி ஸ்கீ ஒரு தடவைகூட நடுங்கவில்லை, வெட்டிய பனி மணிகள் சர்ரென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் பின்னால் இறங்கினேன். என் கனமான ஸ்கீக்கு அவ்வளவு லாவகம் இல்லை என்றாலும் பாதிச் சரிவு வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

பாதிக்குக் கீழே மலை தெற்கே திரும்புகிறது. தென்கோளத்தில் தெற்குதான் நிழல் பக்கம். அங்கே ஒரு பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். அக்கா விளிம்பில் நின்று கோலால் குத்தினார். டொக் என்று உடைந்து கோல் பாதி வரை உள்ளே போனது.

"அப்பளம்," என்றார்.

"அகலமான ஸ்கீ தாங்கும். நான் போய்ப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தாங்கியது. முதல் திருப்பத்திலும் தாங்கியது. இரண்டாவதில் இடது ஸ்கீ உடைத்துக்கொண்டு உள்ளே போக, வலது ஸ்கீ தன் பாட்டுக்கு முன்னே போக, நான் பக்கவாட்டில் விழுந்தேன். எழுந்து துடைத்துக்கொண்டு, ஐந்து மீட்டரில் மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவை தொப்பி தனியாக உருண்டு அடிவாரம் வரை போயிற்று.

அக்கா சறுக்கவே இல்லை. இரண்டு ஸ்கீயிலும் சமமாக நின்று, சரிவுக்குக் குறுக்கே கிட்டத்தட்ட மட்டமாக ஊர்ந்து பள்ளத்தின் மறுபக்கம் போனார். அங்கே முழுதாக நின்றார். கோல்களை ஊன்றி, ஒரு ஸ்கீயைத் தூக்கி எதிர்த்திசையில் வைத்தார், மற்றதைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். மறுபடி குறுக்கே ஊர்ந்தார். பார்க்க ஒரு அழகும் இல்லை. நேரம் பிடித்தது. ஒரு தடவைகூட விழவில்லை.

பள்ளத்தைத் தாண்டினால் மறுபடி வெயில், கடைசிப் பகுதி களி. ஒல்லி ஸ்கீ அதில் அமிழ்ந்து இழுக்கும் என்பதால் அக்கா வளைக்காமல் நேராக, மெதுவாக வந்து கணவருக்கு முன்னால் நின்றார். நான் பின்னால், உடம்பெல்லாம் பனி அப்பி வந்து சேர்ந்தேன்.

அவர் என் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பள்ளத்துக்குள்ள, நிண்டு நிண்டு திருப்பினீரே, அது என்ன?"

"அங்க சறுக்கினால் முழங்காலுக்குக் கூடாது. அதுதான்."

"ஒடுக்கமான ஒழுங்கைக்குள்ள பஸ்ஸைத் திருப்புற மாதிரி," என்றார். பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆரும் அவசரப்படுத்தினாலும் அப்பிடித்தான் திருப்பவேணும்."

நான்தான் பொறுக்காமல் கேட்டேன்.

"அப்போ அண்ணா, விக்கணுமா வேண்டாமா?"

"உவவின்ர ஸ்கீயை விக்கத் தேவையில்லை," என்று என் தொப்பியை நீட்டினார். "விக்கிறதெண்டால் தங்கச்சி, உம்மடதைத்தான் விக்கவேணும்."

அக்கா கோலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வலது முழங்காலை இரண்டு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா ஏறுவமா?" என்றார்.

களி இன்னும் ஊறிவிட்டது, ஸ்கீ அடியில் கட்டி கட்டியாக ஒட்டும், ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ தூக்க வேண்டியிருக்கும், இது ஏறுவதற்கான பனியே அல்ல என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"ஓம், ஓம்," என்று கேட்டுக்கொண்டே அக்கா ஸ்கின்களைக் கணவரிடம் நீட்டினார். அவர் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்தார்.