யாகப்பன் தொண்டையில் அடங்கிய மக்கள்தொகை

கடலூர் மாவட்டத்தில் பிள்ளைகள் கட்டுமீறிப் பெருகாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால், டாக்டர்கள் தங்களைச் சொல்வார்கள், அதிகாரிகள் தங்களைச் சொல்வார்கள். விலைவாசிக்கு வாய் இருந்தால் அதுவும் தன்னைத்தான் சொல்லும். மஞ்சக்குப்பம் யாகப்பனுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. காரணம் அவருடைய தொண்டை.

பெருமைக்காக அவர் இதைச் சொல்வதில்லை. முதுகில் மச்சம் இருக்கிறது என்று ஒருவர் சொல்வதைப் போல, இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்கிற தோரணையில்தான் சொல்வார்.

இருபத்திரண்டு வயதில் வாடகை சைக்கிள் ரிக்‌ஷாவில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். முதல் அறிவிப்பு, காணாமல் போன ஒரு கன்றுக்குட்டியைப் பற்றியது. அது சாயங்காலமே வீடு திரும்பிவிட்டது. யாகப்பனின் குரலைக் கேட்டுத்தான் திரும்பியது என்று தெரு நம்பியது. தெருவைவிட யாகப்பன் அதிகமாக நம்பினார். பிறகு ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், சாவு, சர்க்கஸ் எல்லாம் வந்தன. ரிக்‌ஷா போய் ஆட்டோ வந்தது. வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் மக்கள்தொகை நாள் வரும்போது, சுகாதாரத் துறைக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். சுக்கும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு யாகப்பன் புறப்பட்டுவிடுவார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. நாட்டு நலன் கருதி, தாயின் உடல்நலன் கருதி, குடும்பத்தின் சேமிப்பைக் கருதி..."

அந்த மூன்று 'கருதி'களையும் அவர் மூன்று படிக்கட்டுகளாக ஏறுவார். கடைசிப் படியில் நின்று கொஞ்சம் மூச்சு விடுவார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி மாடுகள்கூட அந்த இடத்தில் நின்று கேட்கும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் பதிவு செய்த குரலை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் காலம் இது. யாகப்பன் மட்டும் இன்னும் வாயால்தான் சொல்கிறார். "பென் டிரைவுக்குத் தொண்ட கட்டுமாய்யா? தொண்ட கட்டாதவன் சொன்னா எவன் கேப்பான்?"

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை. கையில் மைக் இல்லாவிட்டால் பேச்சு வராது. வீட்டில் உப்பு வேண்டும் என்றால் கரண்டியை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டுதான் கேட்பார். பெண் பார்க்கப் போன அன்று தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பரிபூரண சம்மதம்" என்று அறிவித்தார். பெண்ணுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. அந்தப் பெண், சவரிமேரி, இப்போது மைதானத்து ஓரத்தில் சாயங்கால இட்லிக் கடை நடத்துகிறார். அவருக்குப் பேச மைக் தேவைப்பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் யாகப்பன்தான். ஒருமுறை பங்குச் சாமியார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாகப்பா, இங்க நின்னு பெருகச் சொல்லி வாசிக்கிற. மறுநாளு தெருவுல நின்னு அதே தொண்டையில கொறைக்கச் சொல்ற. ரெண்டுல எதுய்யா நீ?"

பலிபீடத்தின் பக்கத்தில் கிடந்த மைக்கை எடுத்துக்கொண்டு யாகப்பன் பணிவாகச் சொன்னார்: "இந்த மைக்குல பேச்சு உங்களுது சாமி. அதுல சுகாதாரத் துறைக்காரங்களுது."

குமராட்சிப் பக்கம் அறிவிப்புக்குப் போகும் நாட்களில், மத்தியான வெயிலுக்கு ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டுவது அவர் வழக்கம். மரத்தின் பெயருக்கு மரியாதை செய்யும் விதமாக உடனே கண்ணயர்ந்துவிடுவார். அப்போதுதான் அவர்கள் வருவார்கள்.

கொள்ளிடக் கரையிலிருந்து, நாற்றங்கால் வரப்பு வழியாக, வரிசையாக வருவார்கள். யாகப்பனின் குரலால் பிறக்காமல் போன பிள்ளைகள். எல்லாருக்கும் தலை சீவி, பவுடர் போட்டிருக்கும். யார் போட்டுவிட்டார்கள் என்று தெரியாது. வரப்புச் சேற்றில் நடந்தாலும் காலில் சேறு ஒட்டாது. மினிபஸ் வந்தால் அத்தனை பேரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்கமாட்டார். கொக்குகள் அவர்கள் ஊடாகப் பறந்து போகும். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. பிறந்தால்தானே கோபம் வரும்.

"ஐயா, எங்க முறை எப்ப வரும்?" என்று மட்டும் கேட்பார்கள்.

"அமைதியாக வரிசையில் நிற்கவும்" என்று கனவிலும் மைக்கில்தான் பதில் சொல்வார் யாகப்பன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கனவில் போன வருஷம் ஒரு சிக்கல் வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மைக் செட் யாகப்பனுடையது. மணமக்களை வாழ்த்த மேடையேறிய பிரமுகர் ஒருவர், சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள், நம் தலை எண்ணிக்கை குறைந்தால் டில்லியில் நம்மை மதிக்கமாட்டார்கள் என்று முழங்கினார். தன் சொந்த மைக்கில், தன் சொந்தக் கூம்பு வழியாக இந்த வார்த்தைகள் வெளியேறுவதைக் கேட்ட யாகப்பனுக்குப் பந்தியில் பாயசம் இறங்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்தார். "மேரி, முப்பது வருஷமா பெத்தா நாடு கெட்டுப்போவும்னு சொன்னேன். இப்ப பெக்காட்டி நாடு கெட்டுப்போவுமாம். நான் எதைத்தான் சொல்றது?"

சவரிமேரி மாவைக் கரைத்துக்கொண்டே சொன்னார்: "நாடு எந்த வூட்டுலயாவது வந்து பீத்துணி தொவைச்சிக் குடுத்துச்சா? அப்புறம் அதுக்கென்னா இதுல பேச்சு? அந்தக் கரண்டிய வையிங்க, சாம்பாருக்கு வேணும்."

சிதம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் ஆரோக்கிய ஜெகன் தங்கமான பையன். அறைக்குள் பெண்டாட்டி சொல்வதற்குத் தலையாட்டுவான், வெளியே வந்தால் அம்மா சொல்வதற்குத் தலையாட்டுவான். அம்மா லூர்துமேரிக்கு இரண்டாவது பேரப்பிள்ளை வேண்டும். சும்மா வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கோணான்குப்பம் மாதா கோவிலுக்குப் போய், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொட்டில் நேர்ந்து கட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஜெனிபர் போனில் அழவில்லை. அதுதான் யாகப்பனுக்குப் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம உங்கள வரச் சொல்லி இருக்காங்கப்பா. ரெண்டாவது பத்தி முடிவு பண்ணணுமாம். கட்டுன தொட்டில காலியா விட்டா பாவமாம். கட்டுனவங்களே போயிப் படுத்துக்கட்டும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சி. எனக்கு ஒண்ணு போதும்ப்பா. நீங்க வந்து சொல்லுங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்கல்ல, எனக்காக ஒரு தடவ சொல்லுங்க."

"என்னா காரணம்னு சொல்லும்மா? உடம்பு முடியலியா? செலவா?" யாகப்பனுக்குத் தன் மூன்று படிக்கட்டுகள் தேவைப்பட்டன.

"ஒரு காரணமும் இல்ல. எனக்குப் போதும், அவ்ளோதான்."

காரணமில்லாத அறிவிப்பை யாகப்பன் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பு ஆட்டோவிலேயே யாகப்பனும் சவரிமேரியும் கிளம்பினார்கள். வழியெல்லாம் வயல்கள் தண்ணீரில் வானத்தை விரித்து வைத்திருந்தன. யாகப்பனுக்கு ஆட்டோ மேகத்தின் மேல் ஓடுவதாகத் தோன்றியது. தூங்குமூஞ்சி மரம் அந்த வழியில் இல்லை, அவர் தூங்கவும் இல்லை. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு பொடிசு வந்து முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு வந்தது. தலை சீவி, பவுடர் போட்டிருந்தது. ஜாடையில் கொஞ்சம் ஜெனிபர், கொஞ்சம் ஜெகன்.

"நான் கேக்க வரல தாத்தா. சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்" என்றது.

சிதம்பரம் வண்டிகேட் பக்கம் ஒரு சந்தில் சம்பந்தி வீடு. காபி வந்தது. லூர்துமேரி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி, ஒத்தப் புள்ளைய வளக்கறது நல்லதா? நாளைக்கி அதுக்கு ஒரு தொண வேணாமா? நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான். நீங்க உங்க பொண்ணுக்குச் சொல்லுங்க."

ஜெகன் தலையாட்டத் தயாராக இருந்தான், எந்தப் பக்கம் என்று தெரியாமல். ஜெனிபர் அப்பாவைப் பார்த்தாள். யாகப்பன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனார். "அன்பார்ந்த பெரியோர்களே..." ஆவி மூக்கில் ஏறி இருமல் வந்தது.

"இந்த மனுசனைக் கூட்டியாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார் சவரிமேரி.

யாகப்பன் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தார். விரல் பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டது. என்ன ஆச்சோ என்று வீடே பின்னால் ஓடிவந்தது. "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" என்று சந்து முழுக்க அதிர்ந்தது. ஜன்னல்கள் திறந்தன. "மஞ்சக்குப்பம் யாகப்பன் அறிவிப்பது என்னவென்றால், என் மகள் ஆரோக்கிய ஜெனிபர்..."

அதற்குமேல் வரவில்லை. நாட்டு நலன் கருதி என்று சொல்ல முடியவில்லை. நாடு இப்போது வேறு கட்சிக்குப் போய்விட்டது. உடல்நலன் கருதி என்றால் பொய். ஒலிபெருக்கி 'உம்' என்று இரைந்துகொண்டே இருந்தது. முன்சீட்டுப் பொடிசு, "தாத்தா, அது அம்மாவோட பேச்சு. அம்மாகிட்டக் குடேன்" என்றது.

யாகப்பன் மைக்கை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அது வேறு கைக்குப் போனது மேடைகளில் மட்டும்தான். ஜெனிபர் ஆட்டோ பக்கம் வந்தாள். தெருவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள்.

"அப்பா பேரச் சொல்லிட்டாரு, இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணு போதும். காரணம் எல்லாம் கேக்காதீங்க. போதும்னு தோணுது, அதான் காரணம்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மாள், "நாலாவதுக்கு முன்னாடி எனக்கு இந்த மைக்கு கெடைக்காமப் போச்சே!" என்றார். சிரிப்பு கிளம்பியது. லூர்துமேரி சிரிக்கவில்லை. மருமகள் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று பிடுங்கினார். திட்டப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அந்தக் காலத்துல எனக்கு மூணு வேணும்னு ஆசை" என்றார் லூர்துமேரி. குரல் ஒலிபெருக்கியில் நடுங்கி வந்தது. "நெய்வேலில கட்டிக் குடுத்தனே, அவ பொறந்தா. அப்புறம் இவன் பொறந்தான். ஆணும் பொண்ணும் ஆயிடுச்சி, போதும்னாங்க எங்க மாமியா. அவரு தலைய ஆட்டுனாரு. வலியில கெடந்த எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. ஆப்பரேஷன் முடிஞ்சி படுத்திருக்கேன், ஜன்னல் வழியா உங்க சத்தம் கேக்குது சம்பந்தி. நாட்டு நலன் கருதி, தாயின் உடல்நலன் கருதின்னு. அப்ப நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கொரல மட்டும் மறக்கல."

ஜன்னல் தாண்டியும் கேட்கும் என்று யாகப்பன் காலமெல்லாம் பெருமைப்பட்ட குரல். அவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெகன் தன் பிறப்பைப் பற்றிய சேதியை முதல்முறையாக, அதுவும் தெருவோடு சேர்ந்து கேட்டான். தலையை ஆட்டாமல் நின்றான்.

ஜெனிபர் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள யாரும் கேக்கல அத்த. நீங்களாவது என்னைக் கேளுங்க."

மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. லூர்துமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு வேணுமாடி?"

"வேணாம் அத்த."

ஒலிபெருக்கி 'உம்' என்றது. லூர்துமேரி சந்தின் கோடியைப் பார்த்தார். ஒருவேளை அவருடைய மூன்றாவதும் அந்தச் சந்தில் எங்காவது தலை சீவி நின்றுகொண்டிருந்திருக்கலாம்.

"சரி" என்றார். "மாதாகிட்ட நான் என்னா சொல்றது?"

"நான் கூட வரேம்மா" என்றான் ஜெகன். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று சவரிமேரி பிற்பாடு கடையில் எல்லாருக்கும் சொன்னார். "போயி நாமளே அந்தத் தொட்டில அவுத்துட்டு வந்துடலாம்" என்று அவனே முடித்தான்.

"காபி ஆறிப்போச்சி, உள்ள வாங்க எல்லாரும்" என்றார் லூர்துமேரி. அதுவும் தெரு முழுக்கக் கேட்டது. மாடி அம்மாள் தன்னையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

இந்த ஜூலையிலும் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தார்கள். யாகப்பன் வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டு குமராட்சிப் பக்கம் கிளம்பினார். மரத்தடியில் வழக்கம்போலக் கண்ணயர்ந்தார். கரையிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஆனால் எங்கள் முறை எப்போது என்று கேட்கவில்லை. "அம்மாங்களைக் கேட்டுட்டு வரோம்" என்று மினிபஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். முன்சீட்டுப் பொடிசு மட்டும் ஜன்னல் வழியாக டாட்டா காட்டியது.

விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குள் வண்டியை விட்டார். தெருக்குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். வண்டியை நிறுத்தினார். மூன்று படிக்கட்டுகளும் தொண்டைக்குள் வரிசையாகத் தயாராக இருந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, மைக்கை ஆட்டோவுக்கு வெளியே நீட்டி, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கேள்வியை ஒலிபரப்பினார்.

"தாய்மார்களே! நீங்க என்னா சொல்றீங்க?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு வண்டியருகே வந்தாள்.

"மொதல்ல சத்தத்தக் கொறைங்க மாமா, சொல்றோம்."

யாகப்பன் சத்தத்தைக் குறைத்தார்.