சாவிக்கொத்தும் பதினேழு அறைகளும்

அந்தப் பங்களாவைப் பதினோரு வருடம் பெருக்கித் துடைத்தவள் அவள். எந்தப் படி முனகும், எந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், மாடியில் எந்த அறையைத் தாண்டினால் முதுகு சில்லிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளியம்மா கை ஓங்கிய அன்று, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

பிறகு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. தங்கை கழித்துப்போட்ட கம்ப்யூட்டரில் தட்டுத் தடுமாறி கேம் செய்யக் கற்றுக்கொண்டாள். நான்கு வருட உழைப்பு. பழைய காலத்து கேம் போலப் பதினாறே நிறங்கள். சின்னச் சின்னக் கட்டங்களால் வரைந்த பதினேழு அறைகள். பேய் பங்களாவில் மாட்டிக்கொண்ட வேலைக்காரி தப்பித்து வெளியே வரவேண்டும். ஆயுதம் கிடையாது. சாவிக்கொத்து, வாளி, துடைப்பம், அவ்வளவுதான்.

கதவுச் சத்தம் தச்சரான கணவர் பொறுப்பு.

"இருபது வருஷமா கதவு கத்தாம இருக்கத்தானே வேலை பாத்தேன்? இப்ப கத்த வைக்கச் சொல்றியே!" என்று அலுத்துக்கொண்டே, கீலைத் தளர்த்தியும் முறுக்கியும் ஒன்பது விதமாக முனக வைத்தார்.

கேம் வெளியிடும் நிறுவனம் ஒன்று அவளைக் கூப்பிட்டது. மேலாளர் விளையாடிப் பார்த்தார். மூன்றாவது அறையில், துடைக்கத் துடைக்கத் தரையில் ஈரக் காலடிகள் விழுந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"பிரமாதம்! ஆனா வேலைக்காரி வேணாம்மா. அந்த வீட்டுப் பொண்ணா மாத்திடுங்க. வேலைக்காரியா விளையாட யாருக்குப் பிடிக்கும்?"

"வீட்டுப் பொண்ணுக்கு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னே தெரியாது சார். முதல் ரூம்லயே செத்துடுவா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி வாய்ப்பு மறுபடி வராதும்மா. யோசிச்சு சொல்லுங்க."

"நாலு வருஷம் யோசிச்சுத்தான் சார் அவளை அங்க நிறுத்தியிருக்கேன்."

எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், "விடு, நாமளே வெளியிடுவோம்" என்றார்.

இணையத்தில் போட்டார்கள். முதல் மாதம் நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள். அதில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "நானும் வீட்டு வேலைதான் பாக்குறேன். உயிரே போயிடுச்சு. ஆனா வெளிய வந்துட்டேன்!" அதைக் கணவருக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினாள்.

வாங்கி விளையாடும் ஆள் கூடக் கூட, மேலாளருக்கு மீண்டும் ஆசை வந்தது. வேலைக்காரியே இருக்கட்டுமாம்; கடைசியில் முதலாளி மகன் வந்து அவளைக் காப்பாற்றுவதாக மட்டும் மாற்றினால் போதுமாம்.

அவள் ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: "வேணாம் சார், அவளே வந்துடுவா."