மரியநாயகம் இறங்கிய இடங்கள்

1953 ஓகஸ்ட் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, டிஸ்பென்சர் மரியநாயகம் தம்முடைய மோட்டார் சைக்கிளைப் பெரகலச் சந்தியிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். மொனராகலையில் நில அளவையாளர் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய வண்டி. 125 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், மூன்று கியர், எடை 153 இறாத்தல். இருபது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அளக்கும் கிண்ணம் தாங்கி மூடியிலேயே இருந்தது. ஒரு கலனுக்கு நூறு மைல் ஓடும்.

அந்த வண்டி கப்பலில் வந்தது 1951 பெப்ரவரியில். அதே மாதம் பதிவுப் புத்தகம் கிடைத்து, இலங்கை வண்டியாகிவிட்டது. மரியநாயகத்தின் பாட்டனார் கப்பலில் வந்தது 1874இல். பேரனுடைய பிரசாவுரிமை விண்ணப்பம் அப்போதும் ஏதோ ஒரு மேசையில் இருந்தது.

மரியநாயகம் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் படித்து, பதுளையில் மருந்து கலக்கப் பழகியவர். வயது 34, எடை 118 இறாத்தல். எதிர்த்துப் பேசத் தெரியாது. மருந்துக்கூடம் கீழ் டிவிசனில் இருந்தது. மேல் டிவிசன் மூன்றேகால் மைல் தூரம், பதினான்கு வளைவு. நடந்தால் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். வண்டி வந்த அந்த ஞாயிறு, வழியில் எவரும் எதிர்ப்படாதபடியால், பதின்மூன்று நிமிடத்தில் ஏறினார். அப்படி மறுபடி ஏற வெகுகாலம் ஆயிற்று.

காரணம், தோட்டத்து மரியாதை. மேலானவர் எதிரே வந்தால் கீழானவர் குடையை மடக்க வேண்டும், சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். டிஸ்பென்சருக்கு மேலே பெரிய துரை, சின்னத்துரை, பெரிய கிளாக்கர், ஆலையை நடத்தும் டீமேக்கர் என நால்வர். மோட்டார் சைக்கிளைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறையை யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் முதல் வாரத்திலேயே தீர்த்து வைத்தார். மரியநாயகம் தொப்பியைக் கழற்றிப் பாதையோரம் நின்றபோது அவர் சொன்னதை, அருகில் நின்ற இரண்டாம் கிளாக்கரான நான் கேட்டேன்.

“நீர் இறங்கினீர், சரி. உம்மட எஞ்சின் இன்னும் கதைச்சுக்கொண்டெல்லோ நிக்குது?”

“நிப்பாட்டினா ஏத்தத்துல திரும்ப எழும்பாதுங்க ஐயா.”

“அது எஞ்சினுக்குள்ள பிரச்சினை. மரியாதைக்குள்ள அதைக் கொண்டுவராதையும்.”

அன்றிலிருந்து எஞ்சினும் மரியாதை செய்தது. சூடாக இருக்கும்போது ஏற்றத்தில் நிறுத்தினால் எண்ணெய் பிளக்கில் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றி, பித்தளைப் பிரஷால் துடைத்து, மாட்டி, வண்டியைத் திருப்பிப் பள்ளத்தில் உருட்டிக் கிளப்ப வேண்டும். ஒரு வணக்கத்துக்குப் பதினொரு நிமிடம். நாளொன்றுக்குச் சராசரி மூன்று வணக்கம். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். “டாக்டரையா பைக்குல வாராரா, பைக்கு டாக்டரையாவுல வருதா?” என்று ஒருத்தி கேட்பாள். அவர் தள்ளிக்கொண்டே சிரிப்பார்.

1954 ஜூலை 6ஆம் திகதி சிரிக்கவில்லை. மேல் டிவிசன் இராக்கம்மாவுக்கு வலி கண்டு, பிள்ளை காலால் வருகிறது என்று ஆள் வந்தது. 6.40க்குப் புறப்பட்டார். காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்த நேரம். மேலானவர்கள் எல்லாரும் பாதையில். நான்கு பேருக்கும் இறங்கினார். பிள்ளை பிறந்தது 7.20க்கு. அவர் போய்ச் சேர்ந்தது 7.37க்கு. பிள்ளை மூச்சு விடவில்லை. மருந்துக்கூடப் புத்தகத்தில் இரண்டு நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார்.

அதன் பின்னர் அவர் ஒரு வழி கண்டார். வண்டி பாரமற்றது, முதல் கியரில் மனித நடைக்கு ஏறும். மேலானவர் வந்தால் ஓடும் வண்டியிலிருந்தே இறங்கி, இடது கையில் தொப்பி, வலது கையில் கைபிடி என்று, எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் நடப்பார். தாண்டியதும் ஏறிக்கொள்வார்.

சிற்றம்பலம் பொறுப்பாரா? பெரிய துரைக்கு மூன்று பக்கம் எழுதினார். 1955 ஜனவரி 17, திங்கள், விசாரணை நடந்தது. துரை மூன்று பக்கத்தையும் படித்ததாகத் தெரியவில்லை. பெரிய கிளாக்கரே வண்டியில் ஏறிப் போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும், மரியாதைக் குறைவு என்றால் வண்டி மாத முடிவில் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்றார். மரியநாயகம் என் மேசைப் பக்கம் வந்து, வண்டி போனால் மேல் டிவிசனுக்கு இன்னொரு டிஸ்பென்சர் தேட வேண்டியிருக்கும் என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

மறுநாள் காலை சிற்றம்பலம் கோட்டும் தொப்பியும் அணிந்து, விரித்த குடையும் கோவையுமாகப் பின்னால் கட்டிய தலையணையில் அமர்ந்தார். அவர் 172 இறாத்தல். வண்டி தன் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கைச் சுமந்துகொண்டு முதல் கியரில் முனகியபடி ஏறியது. ஏழாம் வளைவில் துரையின் கார் இறங்கி வந்தது. மரியநாயகம் வழக்கம்போல் இறங்கி நடந்தார். சிற்றம்பலமும், முப்பது வருடப் பழக்கம், தாமாகவே பின்பக்கமாக வழுக்கி இறங்கி, குடையை மடக்கி, தொப்பியைக் கழற்றினார். பாரம் நீங்கிய வண்டி எகிறியது. மரியநாயகம் தாவி ஏறினார். நிறுத்தினால் அந்தச் சரிவில் இருவருடன் கிளம்பாது, ஆகவே நிறுத்தவில்லை.

பெரிய கிளாக்கர் மிச்ச ஒன்றரை மைலையும் பனிமூட்டத்தில் நடந்து 41 நிமிடத்தில் வந்தார். அதற்குள் மரியநாயகம் ஐந்து நோயாளரைப் பார்த்து, ஒரு கட்டியும் கீறியிருந்தார். லயத்து ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

“துரை கண்டவரோ?” என்று சிற்றம்பலம் இரகசியமாகக் கேட்டார்.

“உங்களத்தான் பாத்தாருங்க ஐயா. தொப்பியத் தொட்டாரு. வண்டிய அவரு பாக்கவே இல்லிங்க.”

சிற்றம்பலம் வெகுநேரம் யோசித்தார். உள்ளதை எழுதினால், தாம் பாதையில் விடப்பட்டதையும் எழுத வேண்டும். அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்: “மேலதிகாரி கடந்து செல்கையில் மேற்படி இயந்திரம் தன் ஓசையைத் தாழ்த்திக்கொள்வதை நேரில் அவதானித்தேன். இது போதிய மரியாதையாகும். ஓட்டுபவர் மட்டும் இறங்கினால் போதும்.”

துரை ஒப்பமிட்டார். வண்டி தங்கியது. மேல் டிவிசனுக்குச் சராசரி நேரம் 46 நிமிடத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது.

1961 டிசம்பர் 31 வரை மேல் டிவிசனிலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு வந்தது 112 தடவை. பிள்ளைக்கு முன்னதாக மரியநாயகம் போய்ச் சேர்ந்தது 104 தடவை. மீதி எட்டில் ஐந்து மண்சரிவால். நான்கு பேர் வண்டியைத் தூக்கி அப்பால் வைத்தும் பிந்திவிட்டது. இரண்டு செயின் அறுந்ததால். ஒன்று, புதிதாக வந்த சின்னத்துரை வழியில் மறித்து, எஞ்சின் ஏன் நிறுத்தப்படவில்லை என்று விசாரித்ததால்.